குரலா, கிட்டாரா, தாளமா? ராக் குழுக்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கல்லூரி விழா மேடைகளில் ராக் குழுக்கள் வாசிப்பது தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கங்களிலும் இப்போது வழக்கமாகிவிட்டது. அக்குழுக்களில் இருப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் எழுதிய கடிதங்கள் ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்பதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பாட்டு, லீட் கிட்டார், ரிதம் கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ராக் குழு ஒன்றை நடத்தி வருகிறோம். கூட்டம் தன் குரலைக் கேட்கத்தான் வருகிறது என்று பாடகர் சொல்கிறார். கைதட்டல் தன் வாசிப்புக்குத்தான் என்கிறார் லீட் கிட்டார் வாசிப்பவர். ஒரு ராக் குழுவின் வெற்றிக்கு உண்மையில் யார் மிக முக்கியமானவர்?
— கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: தம்பி, யார் எதை வாசிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, பாட்டை எழுதி மெட்டமைப்பவர் யார் என்று எழுதவில்லை. ராக் குழுவில் முதல் இடம் அவருக்கே உரியது. இரண்டாம் இடம் டிரம்ஸ் வாசிப்பவருக்கு. பாடகரே பாட்டையும் எழுதுபவராக இருந்தாலொழிய, அவரை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன்.

உங்கள் பாடகர் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வரும் மெல்லிசைக் குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே பாட்டு ஏற்கெனவே சினிமாவில் வந்து, ஊரே மனப்பாடமாக அறிந்ததாக இருக்கும். அசல் குரலுக்கு நெருக்கமாக யார் பாடுகிறாரோ அவருக்கே மேடையில் மதிப்பு, அவர் பெயரே சுவரொட்டியில் பெரிதாக வரும். சொந்தப் பாட்டை நம்பி நிற்கும் ராக் குழுவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முன்பின் கேட்டிராத ஒரு பாட்டை ஒருவர் மறுநாள் பேருந்தில் போகும்போது முணுமுணுக்க வேண்டுமென்றால், குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பாட்டில் சரக்கு இருந்தாக வேண்டும்.

எழுதுபவர், பாடுபவர் இருவரில் யார் போனால் குழு நிற்காது என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு இசை உலகில் அரிதாகவே கிடைக்கும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தோன்றிய ஒயாசிஸ் குழுவில் அது கிடைத்தது. அக்குழுவில் தம்பி லியாம் கல்லகர் பாடினார். அண்ணன் நோயல் கல்லகர் கிட்டார் வாசித்ததோடு பெரும்பாலான பாடல்களையும் எழுதினார். 2009 ஆகஸ்டில் பாரிஸ் நகரில் மேடைக்குப் பின்னால் நடந்த சண்டைக்குப் பிறகு நோயல் விலகினார். மீதமிருந்தவர்கள் அதே பாடகரை முன்னிறுத்தி, பீடி ஐ என்ற பெயரில் தொடர்ந்தார்கள். பழைய குரலும் பழைய தோழர்களும் இருந்தும், ஒயாசிஸ் பாடல்களைப் போல மக்கள் நாவில் நின்ற பாடல்கள் அவர்களிடமிருந்து வரவில்லை. 2014-இல் அக்குழு கலைந்தது. நோயல் தனியே அமைத்த குழுவின் முதல் மூன்று ஆல்பங்களும் பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பெற்றன. ஆனாலும், 2025 ஜூலையில் கார்டிஃப் நகரில் அண்ணனும் தம்பியும் மீண்டும் ஒன்றாக மேடையேறியபோது எழுந்த ஆரவாரம், அவர்களில் எவர் தனியாகப் பாடியபோதும் எழுந்ததில்லை. பாட்டு எழுதுபவரை முதலில் வைக்கிறேன் என்பதற்காக, அந்தப் பாட்டுக்கென்றே பிறந்தது போன்ற ஒரு குரலை எளிதில் வேறு யாரையாவது கொண்டு நிரப்பிவிடலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எழுதுபவர் போனாலும், எழுதக்கூடிய இன்னொருவர் குழுவுக்குள்ளேயே இருந்தால் குழு பிழைத்துக்கொள்ளும். பிங்க் ஃபிளாய்ட் குழு 1967-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்கள் சிட் பேரட் எழுதியவை. அவருடைய மனநலம் குன்றியதால் 1968-இல் அவர் விலக நேர்ந்தது. ரோஜர் வாட்டர்ஸ் முதலிய மற்றவர்கள் எழுதப் பழகி, ஒவ்வோர் ஆல்பமாகத் தேறி, 1973-இல் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள்; உலகில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களுள் அதுவும் ஒன்று.

நம் மொழியில் பார்த்தால், சென்னையின் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு நல்ல சான்று. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அக்குழு 2018 ஜனவரியில் முதன்முதலாக மேடையேறியபோது, அதில் பாடியவர்கள் பலர். கானாவும் பறையும் ராப்பும் ராக் கிட்டாரும் கலந்த இசையில், சாதியை நேருக்கு நேர் கேள்வி கேட்ட வரிகளுக்காகவே அது பேசப்பட்டது. இன்ன பாடகரின் குழு என்று எவரும் அதைச் சுட்டவில்லை.

லீட் கிட்டார் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் எடுத்து வாசிக்கும் நீண்ட தனி வாசிப்பை விட, பாட்டின் தொடக்கத்திலேயே வந்து, இரண்டு நொடியில் இன்ன பாட்டு என்று அடையாளம் காட்டிவிடும் சிறு சங்கதியை அவர் உருவாக்குகிறாரா என்று பாருங்கள். உருவாக்குகிறார் என்றால் அவரும் பாட்டு எழுதுபவர்தான். அந்த மரியாதையை அவருக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த விழாவுக்கு முன்பாக ஐந்து பேரும் ஆளுக்கொரு பாட்டாவது சொந்தமாக எழுதிக்கொண்டு ஒத்திகைக்கு வாருங்கள். உங்கள் குழுவில் யார் முக்கியமானவர் என்பது அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: நாங்கள் தலைமுறையாகத் தவில் வாசிக்கும் குடும்பத்தினர். என் மகன் கல்லூரி நண்பர்களின் ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான். பின்னால் உட்கார்ந்து தட்டுகிறவன்தானே என்று மற்றவர்கள் அவனைக் குறைவாகப் பேசுகிறார்களாம். டிரம்ஸ் வாசிப்பவருக்கு உண்மையில் அவ்வளவுதான் மதிப்பா?
— தவில் கலைஞர், திருவாரூர் மாவட்டம்

பதில்: ஐயா, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாழ்ந்த மாவட்டத்திலிருந்து இப்படியொரு கேள்வி வருவது எனக்கு மனவருத்தம் தருகிறது. 1949-இல் மறைந்த அந்த மேதையின் காலத்தில், தவிலைக் கேட்பதற்கென்றே மக்கள் கச்சேரிக்கு வந்தார்கள் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்லியிருப்பார்கள். நாதசுரக்காரர் ஸ்வரங்களை எவ்வளவு தூரம் சுழற்றிக்கொண்டு போனாலும், அவர் வந்து இறங்க வேண்டிய இடத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது தவில்தான். தாங்கும் கை நம்பகமாக இருந்தால்தான் அவருக்கும் தூரம் போகத் துணிவு வரும். ராக் குழுவில் பாடகருக்கும் கிட்டார் கலைஞருக்கும் அந்தத் துணிவைக் கொடுப்பவர் உங்கள் மகன்.

அதன் செயல்முறை எளிமையானது, ஆனால் கடுமையானது. பெரும்பாலான ராக் பாடல்கள் நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் அமைந்தவை. முதல், மூன்றாம் எண்ணிக்கைகளில் காலால் மிதிக்கும் பெரிய டிரம் விழும். இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் என்ற சிறிய டிரம் விழும். பெரிய டிரம்மும், தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரும் பிசகாமல் ஒன்றாக விழுந்தால் பாட்டுக்கு அடித்தளம் கிடைக்கிறது. அவை மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் கேட்பவருக்கு இன்ன குற்றம் என்று சொல்லத் தெரியாது. பாட்டில் உயிரில்லை என்று மட்டும் தோன்றும். மோசமாகப் பாடும் நல்ல குழுக்கள் உலகில் உண்டு. தாளம் நிற்காத நல்ல ராக் குழு ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

பீட்டில்ஸ் குழுவின் வரலாற்றை உங்கள் மகனின் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். 1962 ஜூனில் லண்டனில் அவர்களுக்கு ஒலிப்பதிவுச் சோதனை நடந்தபோது, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு அவர்களுடைய டிரம்மர் பீட் பெஸ்டின் வாசிப்பில் நிறைவில்லை. இசைத்தட்டுக்கு வேறு கலைஞரை வாசிக்க வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். மற்ற மூவருக்கும் ஏற்கெனவே இருந்த எண்ணமும் அதோடு சேர்ந்துகொள்ள, ஆகஸ்டில் பெஸ்ட் நீக்கப்பட்டு ரிங்கோ ஸ்டார் சேர்க்கப்பட்டார். செப்டம்பரில் நடந்த பதிவு ஒன்றில் ரிங்கோவும் ஒதுக்கப்பட்டு, ஆண்டி ஒயிட் என்ற வாடகைக் கலைஞர் டிரம்ஸில் உட்கார வைக்கப்பட்டார். ரிங்கோவின் கையில் டாம்பரின் என்ற சிறிய கைத்தாளக் கருவி கொடுக்கப்பட்டது. லெனனையும் மெக்கார்ட்னியையும் போன்ற இரண்டு பாடலாசிரியர்கள் கையில் இருந்தும், டிரம்ஸ் இருக்கை சரியாக அமையும்வரை தயாரிப்புத் தரப்பு விட்டுக்கொடுக்கவில்லை. ரிங்கோ அந்த அவமானத்தைத் தாங்கி நின்று, தன் இடத்தை வாசிப்பாலேயே பெற்றார்.

லெட் செப்பலின் குழு இதைவிட அழுத்தமான சான்று. 1980 செப்டம்பரில் டிரம்மர் ஜான் பானம் இறந்தார். மற்ற மூவரும் புகழின் உச்சியில் இருந்தவர்கள். அவர்கள் கேட்டிருந்தால் உலகின் எந்த டிரம்மரும் வந்திருப்பார். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், இனித் தங்களால் பழையபடி தொடர இயலாது என்று அறிவித்துக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். 2007-இல் லண்டனில் ஒரே ஒரு முழுக் கச்சேரிக்காக மீண்டும் கூடியபோது, டிரம்ஸில் உட்கார்ந்தவர் பானத்தின் மகன் ஜேசன். தந்தையின் கைப்பழக்கத்தைக் கேட்டு வளர்ந்த மகனைத்தான் அவர்கள் நம்பினார்கள் என்பதன் பொருள் உங்கள் குடும்பத்துக்கு நான் விளக்கித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். சென்ற மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் வாசித்தபோது, என் வாசிப்பே கேட்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் விலகினால் குழுவுக்கு என்ன குறையும்?
— மாணவி, மயிலாடுதுறை

பதில்: குறை உங்கள் வாசிப்பில் இல்லாமல் ஒலிபெருக்கியில் இருந்திருக்கலாம். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறைதான் அதிர்கிறது. பேச்சுக்கென்று கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகளும் சிறிய பெட்டிகளும் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தருவதில்லை. அடுத்த முறை சவுண்ட் செட் பேசும்போதே, தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப் ஊஃபர் பெட்டி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேஸ் வாசிக்க ஆள் இல்லாமலேயே மேடையேறிய பெரிய குழு ஒன்று உண்டு. அமெரிக்காவின் தி டோர்ஸ் குழுவில் ரே மான்சரெக் வலது கையால் ஆர்கன் வாசித்துக்கொண்டே, இடது கையால் தனியொரு விசைப்பலகையில் பேஸ் பகுதியை வாசித்தார். ஆள் இல்லாவிட்டாலும் அந்த வேலை இல்லாமல் அவர்களால் இருக்க முடியவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம். குயீன் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன் அதிகம் பேசாதவர். 1980-இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த அக்குழுவின் பாடல் ஒன்று அவர் எழுதியது, அது எழும்புவதும் அவருடைய பேஸ் சங்கதியின் மேல்தான். விலகும் எண்ணத்தை விட்டுவிட்டு, உங்கள் டிரம்மரோடு தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்யுங்கள், தங்கையே. பாடகரும் கிட்டார்களும் இல்லாமல் நீங்கள் இருவர் மட்டும் வாசிப்பதே கேட்கக்கூடியதாக இருந்தால் உங்கள் குழு தேறிவிடும்.

கேள்வி: எங்கள் குழுவின் பாடகர் வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். இனிக் குழுவை நடத்துவதில் பயன் உண்டா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி குழுவில் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். இசையமைத்து வந்த மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற சகோதரர்கள் பிரையன் ஜான்சன் என்ற புதிய பாடகரைச் சேர்த்துக்கொண்டு, அதே ஆண்டு ஜூலையில் ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதற்கு முன் அவர்கள் கண்டிராத அளவுக்கு அது விற்றது. ஜெனிசிஸ் குழு வெளியே தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் டிரம்மர் பில் காலின்ஸையே பாட வைத்தது. பீட்டர் கேப்ரியல் 1975-இல் விலகியபின் அடுத்த பத்தாண்டுகளில் அது முன்னைவிடப் பெரிய குழுவாயிற்று. உங்கள் குழுவிலும் பின்பாட்டுப் பாடிக்கொண்டிருப்பவரை முதலில் பாடச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் எல்லாப் பாடகருக்கும் மாற்று கிடைப்பதில்லை. டெல்லியின் இந்தியன் ஓஷன் குழுவில் அசீம் சக்ரவர்த்தி தபலா வாசித்துக்கொண்டே பாடியவர். 2009 டிசம்பரில் அவர் மறைந்தபின், அந்த ஓரிடத்தை நிரப்பப் பாட ஒருவரும் தபலாவுக்கு ஒருவருமாக இருவர் தேவைப்பட்டனர். குயீன் குழுவின் ஃபிரெடி மெர்க்குரி, நம் நாட்டின் பஞ்சகனிப் பள்ளியில் படித்தபோதே மாணவர் குழு ஒன்றில் வாசித்தவர். 1991-இல் அவர் இறந்தபின் மற்றவர்கள் வேறு பாடகர்களோடு மேடையேறிய போதெல்லாம் அரங்கை நிறைத்தவை பழைய பாடல்களே. நீங்கள் இன்னும் பழைய பாடல்கள் சேராத இளங்குழு. ஆகவே இந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். போனவர் எழுதிய பாட்டுகள் இருந்தால் மட்டும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பாடுங்கள்.

கேள்வி: என் மகன் ஒரு ராக் குழுவில் இருப்பதாகச் சொல்கிறான். ஆனால் அவன் எதையும் வாசிப்பதில்லை. வேன் பிடிப்பது, கல்லூரிகளில் பேசி நிகழ்ச்சி வாங்குவது, பணம் வசூலிப்பது என்று அலைகிறான். படிக்கிற வயதில் இது வீண் அலைச்சல் இல்லையா?
— ஒரு தாயார், தஞ்சாவூர்

பதில்: அம்மா, படிப்பு கெடாதவரை இது வீண் இல்லை. பல குழுக்கள் உடைவதற்கு இப்படியொரு பிள்ளை இல்லாததே காரணம். லிவர்பூல் நகரில் குடும்பத்தின் இசைத்தட்டுக் கடையைக் கவனித்துக்கொண்டிருந்த பிரையன் எப்ஸ்டீன், 1961 நவம்பரில் பீட்டில்ஸ் குழுவை ஒரு நிலவறை அரங்கில் கேட்டார். அடுத்த ஜனவரியில் அவர்களுடைய மேலாளரானார். தோல் சட்டையோடு மேடையில் தின்றுகொண்டும் பேசிக்கொண்டும் இருந்தவர்களுக்குக் கோட்டு சூட்டு போட்டு, நேரத்துக்கு வரப் பழக்கி, டெக்கா இசைத்தட்டு நிறுவனம் மறுத்த பிறகும் சோர்ந்துவிடாமல் அலைந்து ஜார்ஜ் மார்ட்டினிடம் அவர்களைக் கொண்டு சேர்த்தவர் அவர். 1967 ஆகஸ்டில் அவர் இறந்தார். அதன்பின் பணத்தையும் நிர்வாகத்தையும் பற்றிய பிணக்குகள் வளர்ந்துகொண்டே போய், 1970-இல் குழு உடைந்தது. அந்த உடைவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் நால்வரும் நம்பிய ஒருவர் நடுவில் இல்லாமற்போனதை நான் சிறிய காரணமாக எண்ணவில்லை.

இன்னொருவரையும் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவர் பியானோ கலைஞர் இயன் ஸ்டூவர்ட். தோற்றம் பொருந்தவில்லை என்று 1963-இல் புதிய மேலாளர் அவரைக் குழுவின் முகப்பிலிருந்து நீக்கினார். அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. கருவிகளை ஏற்றி இறக்கும் வேலையை எடுத்துக்கொண்டு, இசைத்தட்டுகளில் பியானோவும் வாசித்துக்கொண்டு, 1985-இல் இறக்கும்வரை அவர்களோடேயே இருந்தார். 1989-இல் அமெரிக்காவின் ராக் இசைப் புகழ்மன்றத்தில் (ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்) அக்குழு சேர்க்கப்பட்டபோது, அவர் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டுப் பெற்றார்கள். உங்கள் மகன் வரவு செலவை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறானா என்று மட்டும் பாருங்கள். எழுதுகிறான் என்றால் அவனைத் தடுக்காதீர்கள்.

கேள்வி: நிகழ்ச்சியில் வரும் பணத்தை முக்கியத்துவத்துக்குத் தகுந்தபடி பிரிக்கலாமா, சமமாகப் பிரிக்கலாமா?
— வாசகர், பாபநாசம்

பதில்: மேடைக்கு வரும் பணத்தைச் சமமாகப் பிரியுங்கள், வேன் பிடிப்பவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள். பாட்டுக்கு வரும் பணம் வேறு. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பாட்டின் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த பிறகும், பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டித் தொகையில் அவர்களுக்குரிய பங்கு அவர்களிடமே நிற்கும். அதை வசூலித்துத் தருவதற்கு 1969-இல் தொடங்கப்பட்ட ஐபிஆர்எஸ் சங்கம் இருக்கிறது. எழுதியவரின் பெயரில்தான் அங்கே பாட்டு பதிவாகும்.

பீட்டில்ஸ் குழுவில் லெனன், மெக்கார்ட்னி இருவரின் பெயரிலேயே பெரும்பாலான பாடல்கள் இருந்ததால், அந்த வருமானமும் பெரும்பாலும் அவர்களுக்கே போயிற்று. அக்குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனுக்கு அது நீண்டகால மனக்குறை. அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழு வேறு வழியைத் தேர்ந்தது: யார் எழுதினாலும் நால்வர் பெயரையும் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொண்டது. 1980-இல் தொடங்கிய அக்குழு 2011-இல் சண்டையில்லாமல் பிரிந்தது. எழுதுபவருக்கே முதலிடம் என்று மேலே சொன்ன நான், இளங்குழு ஒன்றுக்கு ஆர்.இ.எம். வழியைத்தான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் முதல் சில ஆண்டுகளில் ஒரு பாட்டு ஒத்திகையில் பலர் கைபட்டுத்தான் உருவாகிறது. எந்த வழியானாலும் பாட்டு முடிந்த அன்றே தேதியும் பெயர்களும் பங்கும் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். இணையத்தில் ஏற்றுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.